சங்கத்தின் செயற்குழுவுக்குத் தேர்வாகிவிட்டீர்களா? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், நூலகர், வரி ஆலோசகர் என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் மாவட்டத்துக்கு ஒரு சங்கம் இருக்கும். தேர்தலில் நின்று ஜெயித்து வந்திருப்பீர்கள். அல்லது "உங்க பேரையும் போட்டுக்கறேன் சார், போட்டியில்லாம முடிச்சிடலாம்" என்று யாரோ போனில் சொன்னதால் வந்திருப்பீர்கள். எப்படி வந்தாலும் மேடையில் போடுகிற சால்வை ஒன்றுதான். சால்வையை மடித்து வைத்த மறுநாள் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்தக் கட்டுரை அதற்குத்தான். இதை ஒரே எண்ணத்தை வைத்து எழுதுகிறேன்: சங்கத்தைப் பொறுத்தவரை தாளில் ஏறியது மட்டுமே நடந்தது. கூட்டத்தில் எவ்வளவு அழகாகப் பேசினாலும், மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) ஏறாவிட்டால் நீங்கள் பேசவே இல்லை.

உங்கள் சங்கம் எந்த வகை?

பார் கவுன்சில், பட்டயக் கணக்காளர் கழகம் போன்றவை சட்டத்தால் உருவானவை. முன்னது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்திலிருந்தும், பின்னது 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும் வந்தது. அவற்றுக்கு உரிமம் கொடுக்கவும் நடவடிக்கை எடுக்கவும் அதிகாரம் உண்டு. நாம் பேசுவது அவற்றைப் பற்றி இல்லை. உறுப்பினர்கள் தாங்களாகச் சேர்ந்து, சந்தா கட்டி நடத்துகிற சங்கங்களைப் பற்றி. தமிழ்நாட்டில் இவற்றில் பெரும்பாலானவை 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவை. உங்களுடையது அறக்கட்டளையாகவோ, லாபநோக்கற்ற கம்பெனியாகவோ இருந்தால் விதிகள் வேறு. பதிவுச் சான்றிதழை ஒருமுறை கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பல வருடம் பதவியில் இருந்தவர்கள்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கேள்வி. உங்கள் சங்கம் தனியாகப் பதிவானதா, ஒரு மாநிலச் சங்கத்தின் கிளையா? கிளை என்றால் பான் எண், வரிக் கணக்கு, பைலா (சங்கத்தின் விதிமுறைகள்) எல்லாம் மேலே இருப்பவர்களைப் பொறுத்து மாறும். இதில் குழப்பம் உள்ள சங்கங்கள் நிறைய. சந்தாவில் ஒரு பங்கை மேலே அனுப்ப வேண்டுமா என்பதும் இதோடு சேர்ந்த விஷயம்.

முதல் வாரத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

செயலாளரிடம் பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். பைலா (பதிவாளரிடம் தாக்கல் செய்த கடைசித் திருத்தத்தோடு), கடந்த மூன்று வருட மினிட்ஸ், தணிக்கை செய்த கணக்கு, பதிவாளர் அலுவலகத்தில் கடைசியாகத் தாக்கல் செய்ததற்கான ஒப்புகை, வங்கிக் கணக்குகள் மற்றும் ஃபிக்சட் டெபாசிட் பட்டியல். இவ்வளவு போதும். "என்ன, வந்ததுமே ஆடிட் பண்றீங்களா?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே வாங்கிவிடுங்கள்.

பைலாவை முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் ஐந்து இடங்களையாவது பாருங்கள்: கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும்), கூட்ட அறிவிப்பு எத்தனை நாள் முன்பு, யார் எவ்வளவு வரை தனியாகச் செலவு செய்யலாம், காசோலையில் யார் யார் கையெழுத்து, பதவிக்காலம் எவ்வளவு. கடைசியில் சொன்னதற்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. ஒரு செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்வாகலாம். தேர்தலே நடத்தாமல் "அடுத்த பொதுக்குழு வரை தொடரலாம்" என்று ஐந்தாறு வருடம் ஓட்டுகிற குழுக்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

மினிட்ஸைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு தீர்மானமும் பிறகு என்ன ஆனது என்று அடுத்த கூட்டத்தில் பதிவாகியிருக்கிறதா? 'கட்டட நிதி திரட்டக் குழு அமைக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் குழுவைப் பற்றிப் பேச்சே இருக்காது. திரட்டிய பணம் எங்கே என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

அலுவலகத்தில் ஒரு மேனேஜரோ உதவியாளரோ இருந்தால் அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து டீ குடியுங்கள். தலைவர்கள் வருவார்கள், போவார்கள். எந்த பீரோவில் எந்த ஃபைல் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பதிவாளர் அலுவலகமும் வங்கியும்

தேர்தல் முடிந்ததும் புதிய நிர்வாகிகள், செயற்குழு உறுப்பினர்கள் பற்றிய மாற்றத்தைப் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். தேர்தல் நடந்த பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல் அதோடு போகும். இது செயலாளரின் வேலை. ஆனால் உங்கள் பெயர் அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. இதைத் தவிர, வருடா வருடம் உறுப்பினர் பட்டியலும் தணிக்கை செய்த கணக்கும் தாக்கலாக வேண்டும். சில வருடங்கள் விட்டுப்போயிருந்தால் தாமதக் கட்டணம் கட்டிச் சரிசெய்யலாம். அதை முதல் மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். பதிவாளர் கேட்கும்போதோ, வங்கி புதிய ஒப்புகை கேட்கும்போதோ ஓடினால் இரண்டு மடங்கு அலைச்சல்.

வங்கியில் கையெழுத்து மாற்ற, செயற்குழுத் தீர்மானம், பதிவாளரின் ஒப்புகை, புதியவர்களின் ஆவணங்கள் எல்லாம் கேட்பார்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பழைய நிர்வாகிகள்தான் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். தேர்தலில் தோற்றவரிடம் போய் மின்கட்டணத்துக்குக் கையெழுத்து கேட்கிற நிலை வரும் என்பதால், ஜெயித்த அன்று வார்த்தையை அளந்து பேசுவது நல்லது.

நீங்கள் கையெழுத்திடுபவராக இருந்தால்: வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். "ஊருக்குப் போறீங்களே, ரெண்டு லீஃப்ல போட்டுட்டுப் போங்க" என்று கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் காசோலை திரும்பினால் வழக்கு சங்கத்தோடு நிற்காது. கையெழுத்துப் போட்டவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இணையவழி வங்கிச் சேவையில் ஒருவர் பதிவிட, இன்னொருவர் அனுமதிக்கிற முறை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பேரின் ரகசியக் குறியீடும் ஒரே பொருளாளரின் போனில் இருந்தால் அந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமே இல்லை.

கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது

முதல் இரண்டு கூட்டத்தில் அதிகம் பேச வேண்டாம். யார் யாரோடு சேர்ந்து வழிமொழிகிறார், எந்தப் பேச்சை எடுத்தால் அறை அமைதியாகிறது என்று கவனியுங்கள்.

அஜெண்டாவில் இல்லாத பெரிய செலவு 'தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்' என்ற கடைசி வரியில் நுழையும். பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எழுந்த நேரம் அது. அங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இது நல்ல யோசனை. மூன்று கொட்டேஷனோடு அடுத்த கூட்ட அஜெண்டாவில் வைக்கலாமே." யாரையும் குற்றம் சொல்லவில்லை, வேலையும் நடந்துவிட்டது.

ஒரு தீர்மானத்தை நீங்கள் ஏற்கவில்லை என்றால் வாயால் சொன்னால் மட்டும் போதாது. "என் மறுப்பை மினிட்ஸில் பதியுங்கள்" என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய மினிட்ஸை வாசித்து உறுதிசெய்யும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று பழக்க தோஷத்தில் எழுதிவிடுவார்கள். பிறகு தணிக்கையிலோ நீதிமன்றத்திலோ விவகாரம் வரும்போது, அந்த ஏகமனதில் நீங்களும் ஒருவர். கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் முன்கூட்டியே எழுத்தில் விடுப்புச் சொல்லுங்கள். தொடர்ந்து வராதவர்களின் பதவி போய்விடும் என்று பல பைலாக்களில் இருக்கிறது.

வாட்ஸாப் குழுவில் கட்டைவிரல் போடுவது தீர்மானம் ஆகாது. அவசரத்துக்குச் சுற்றறிக்கை மூலம் முடிவெடுக்கப் பைலா இடம் கொடுத்தால் செய்யலாம். அப்போதும் அடுத்த கூட்டத்தில் அதை வைத்து, ஒப்புதல் பெற்று, மினிட்ஸில் ஏற்ற வேண்டும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒன்றரை லட்ச ரூபாய் செலவுக்கு அனுமதி வாங்கிய குழுக்களைப் பார்த்திருக்கிறேன். சில மாதம் கழித்து அந்தச் செய்தியைத் தேடி எடுக்க யாராலும் முடியாது.

அப்புறம், அறைக்குள் பேசியது அறைக்குள் இருக்கட்டும். முடிவை வெளியில் சொல்லலாம். யார் என்ன வாதிட்டார் என்பதை உறுப்பினர் குழுவில் போட்டால் அடுத்த கூட்டத்திலிருந்து யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். எதிர்த்து வாக்களித்த தீர்மானமாக இருந்தாலும், நிறைவேறிவிட்டால் அதைக் கெடுக்காமல் நடத்தத்தான் வேண்டும்.

பணம்

செயற்குழுவில் வருகிற சண்டைகளில் பெரும்பகுதிக்கு அடியில் பணம் இருக்கிறது. திருட்டைச் சொல்லவில்லை. அது அபூர்வம். ஒழுங்கில்லாத பழக்கங்கள்தான் நல்ல மனிதர்களைச் சந்தேகத்துக்கு ஆளாக்குகின்றன.

முதல் பழக்கம்: சந்தாவைப் பொருளாளரின் சொந்தக் கூகுள் பே எண்ணுக்கு வாங்குவது. வசதிக்காகத் தொடங்கியிருப்பார்கள். ஆனால் அந்தப் பணம் அவருடைய கணக்கில், அவருடைய வருமானம் போல நிற்கிறது. சங்கத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு க்யூஆர் கோட் வாங்க வங்கிக்கு ஒருநாள் போனால் போதும். அதேபோல ஃபிக்சட் டெபாசிட் எல்லாம் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் பான் எண்ணிலும் இருக்கிறதா என்று ரசீதை எடுத்துப் பாருங்கள். பழைய நிர்வாகி ஒருவரின் பெயரில் போட்டிருந்து, அவர் இறந்துபோனால், வாரிசுகள் வீட்டு வாசலில் சங்கம் நிற்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஆயுள் சந்தா. இதைப் பலர் யோசிப்பதில்லை. முப்பது வயதுக்காரர் ஒருவர் ஒரே தடவை ஐயாயிரம் கட்டி ஆயுள் உறுப்பினர் ஆகிறார். அவருக்கு அடுத்த நாற்பது வருடம் இதழ் அனுப்ப வேண்டும், கூட்ட அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த ஐயாயிரத்தை இந்த வருட மாநாட்டுச் சாப்பாட்டில் கரைத்துவிட்டால், அடுத்து வரும் குழு எதை வைத்து நடத்தும்? ஆயுள் சந்தா மூலதன நிதிக்குப் போக வேண்டும்; வட்டியை மட்டும் செலவு செய்ய வேண்டும். உங்கள் சங்கத்தில் மொத்தம் எத்தனை ஆயுள் உறுப்பினர், அவர்கள் கட்டிய தொகையில் இப்போது டெபாசிட்டில் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கிற பதிலிலேயே சங்கத்தின் நிலைமை பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

மூன்றாவது, மாநாட்டுக் கணக்கு. மாநாட்டுக்கென்று தனிக் குழு, தனி வங்கிக் கணக்கு, தனி ரசீதுப் புத்தகம். முடிந்து ஒரு வருடம் ஆகியும் கணக்கு வராது. 'ஸ்பான்சர் பாக்கி இருக்கு' என்பார்கள். மாநாட்டுக் குழுவை அமைக்கும் தீர்மானத்திலேயே, எத்தனை நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும், மிச்சம் எங்கே போக வேண்டும் என்று எழுதிவிடுங்கள். மாநாடு முடிந்த பிறகு இதைக் கேட்டால் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வார்கள். முன்பே எழுதினால் அது நடைமுறை.

வரி விஷயத்தில் நீங்கள் நிபுணராக வேண்டாம். ஆடிட்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும். வருமான வரியில் 12ஏ என்று எல்லோரும் சொல்கிற வரிவிலக்குப் பதிவு உங்கள் சங்கத்துக்கு இருந்தால், அதன் காலாவதித் தேதியைக் கேளுங்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு அது நிரந்தரப் பதிவு இல்லை, புதுப்பிக்க வேண்டும். பொதுநல நோக்கம் என்ற பிரிவில் பதிவாகியிருந்தால், வணிகம் போன்ற வரவுகள் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாநாட்டு ஸ்டால் வாடகை அந்தக் கணக்கில் வருமா என்று கேளுங்கள். கேட்டரிங், பந்தல் போன்ற ஒப்பந்தங்களுக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேலோ கொடுத்தால் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வருமான வரி, பிடிக்க வேண்டும். மாநாடு நடத்துகிற குழு அடிக்கடி மறக்கிற விஷயம் இது. பந்தல்காரர் முழுப் பணத்தையும் வாங்கிப்போன பிறகு பிடிக்க என்ன இருக்கிறது?

ஜிஎஸ்டியில் இரண்டு விஷயம். ஸ்டால், விளம்பரம், ஸ்பான்சர் ஆகியவற்றில் வருகிற பணமும் சேர்ந்து ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பான வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். உறுப்பினரிடம் வாங்குகிற சந்தாவுக்கும் வரி உண்டா என்பது நீண்ட நாள் வழக்கு. சங்கமும் உறுப்பினரும் வேறு வேறு நபர்கள் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலையிலிருந்தே அது செல்லும் என்றார்கள். இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. அதை வைத்து நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். ஆடிட்டரின் கருத்தை எழுத்தில் வாங்கி மினிட்ஸோடு கோத்து வையுங்கள்.

ஸ்பான்சர் பணம் வாங்கும்போது தொழிலின் நெறிமுறையையும் பாருங்கள். உதாரணத்துக்கு, மருந்து நிறுவனங்களுக்கு 2024 மார்ச்சில் வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறை, மருத்துவர்களுக்கான தொடர்கல்வி நிகழ்ச்சியை வெளிநாட்டில் நடத்த அனுமதிப்பதில்லை. "கொழும்புல ஒரு மாநாடு வெச்சா என்ன, ஸ்பான்சர் ரெடியா இருக்கார்" என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால், ஸ்பான்சர் யார் என்று முதலில் கேளுங்கள்.

மச்சானின் அச்சகம்

சங்க இதழை அச்சடிக்க ஆள் வேண்டும். உங்கள் மச்சான் அச்சகம் வைத்திருக்கிறார். நியாயமாகவே செய்து கொடுப்பார். இது தவறா? உறவு இருப்பது தவறில்லை. மறைப்பதுதான் தவறு. அந்த விஷயம் விவாதத்துக்கு வரும்போது உறவைச் சொல்லுங்கள், அறையை விட்டு வெளியே போங்கள், முடிவானதும் வாருங்கள். நீங்கள் சொன்னதும் வெளியே போனதும் மினிட்ஸில் இருக்கட்டும். சின்ன ஊர்களில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். இப்படி ஒரு வழக்கம் இல்லாவிட்டால் எந்த ஒப்பந்தமும் வம்புக்குத் தப்பாது.

உறுப்பினர்களின் போன் எண் பட்டியலும் சங்கத்தின் சொத்துதான். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் நண்பருக்கு அதை அனுப்பாதீர்கள். தனிநபர் தரவுக்கு 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது.

ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

கணக்கும் மினிட்ஸும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவா வந்தோம் என்று தோன்றும். நியாயம். பதவிக்காலத்தில் ஒரே ஒரு வேலையை உங்கள் பொறுப்பில் எடுங்கள். இளம் உறுப்பினர்களுக்கு மாதாந்திரப் பயிற்சி, உறுப்பினர் பட்டியலைச் சுத்தம் செய்வது, நலநிதித் திட்டம் என்று ஏதாவது ஒன்று. நான் பார்த்தவரை, உறுப்பினர் பட்டியலைச் சுத்தம் செய்வதுதான் யாரும் கை வைக்காத, அதிகம் பயன் தரும் வேலை. இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், இரண்டு முறை ஏறியவர்கள் எல்லாம் அதில் இருப்பார்கள். தேர்தல் வாக்காளர் பட்டியலும் அதிலிருந்துதான் வரும் என்பதால், தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே முடித்துவிடுங்கள். கிட்டத்தில் தொட்டால் அரசியல் என்பார்கள்.

பெரிய வேலைகள் ஒரு பதவிக்காலத்தில் முடியாது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். பொது நூலகங்களுக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று அந்தச் சங்கம் விடாமல் கேட்டது. மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது 1948இல். இடையில் இருபது வருடம். உங்கள் சங்கம் அரசிடம் கொடுக்கிற மனுவும் அப்படி ஒன்றாக இருக்கலாம். கொடுத்த மனுவின் நகல், பெற்ற ஒப்புகை, வந்த பதில் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தால்தான் அடுத்து வருபவர் அங்கிருந்து தொடர முடியும். அமைச்சரோடு எடுத்த படம் மட்டும் சுவரில் இருந்தால் அவர் முதலிலிருந்து தொடங்குவார்.

சங்கம் இரண்டாகப் பிரிந்தால்

இரண்டு அணிகள், இரண்டு தேர்தல், இரண்டு படிவம் 7 என்று நடப்பதுண்டு. யார் உண்மையான நிர்வாகி என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்வார் என எதிர்பார்க்காதீர்கள். அப்படிப்பட்ட தகராறு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். சங்கத்தின் நடப்பு, நிதிநிலை பற்றி விசாரணை நடத்தப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு, அது வேறு. இந்த மாதிரி நேரத்தில் வங்கி கணக்கை முடக்கிவிடும், அலுவலக உதவியாளருக்குச் சம்பளம் நின்றுவிடும். எந்த அணியில் இருந்தாலும், சம்பளமும் வாடகையும் மட்டும் போக இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரு ஏற்பாட்டை முதலில் பேசுங்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

பதவி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே பட்டியல் போடத் தொடங்குங்கள். மினிட்ஸ் புத்தகம், ரசீதுப் புத்தகங்கள் (பயன்படுத்தாதவையும் எண்ணோடு), டெபாசிட் ரசீதுகள், சங்க முத்திரை, சாவிகள். மின்னஞ்சல் கடவுச்சொல்லும், அது யாருடைய போன் எண்ணோடு இணைந்திருக்கிறது என்பதும். இணையதளம் யார் பெயரில் வாங்கப்பட்டது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதும். வரித்துறைத் தளத்தில் பழைய செயலாளரின் போன் எண் இருந்தால் புதியவருக்கு ஓடிபி வராது. அதை மாற்றிக்கொடுத்துவிட்டே கிளம்புங்கள். 12ஏ பதிவுள்ள சங்கம் கணக்குப் புத்தகங்களைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால், பழைய மூட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பட்டியல் இரண்டு பிரதி. கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று சங்க அலுவலகத்தில், இன்னொன்று உங்கள் வீட்டில்.